மூளைக்குப் போகும் குழாய்

ஹைட்ராலிக்ஸில் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? குழாயின் ஆரம் பாதியானால், அதே அழுத்தத்தில் சீராக ஓடும் திரவத்தின் ஓட்டம் பாதியாகாது. 16-ல் ஒரு பங்காகிவிடும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த இந்தக் கணக்கு, எங்கள் பெரியம்மா விழுந்த அன்றுதான் எனக்கு உறைத்தது.

காலையில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவருக்கு வலது கை வரவில்லை. வாய் கோணி, பேச்சு குழறியது. "பித்தம்தான், படுத்தா சரியாயிடும்" என்றார்கள். வாயில் காபி வேறு ஊற்றினார்கள். அது பெரிய தப்பு. விழுங்க முடியாத நேரத்தில் நுரையீரலுக்குள் போய்விடும். ஆஸ்பத்திரி சேரும்போது சாயங்காலம். "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?" இதுதான் டாக்டரின் முதல் கேள்வி.

பக்கவாதம் கை கால் நோய் அல்ல, மூளை நோய். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஆக்சிஜனில் 20 சதவீதம் கேட்கிறது. குழாய் அடைத்தாலும் வரும், வெடித்தாலும் வரும், பெரும்பாலும் அடைப்புதான். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். வெடிப்பில் போட்டால் ஆபத்து என்பதால் முதலில் ஸ்கேன்.

பெண்களுக்கென்று தனிக் காரணங்களும் உண்டு. கர்ப்பத்தில் பிரஷர் ஏறி, சிறுநீரில் புரதம் போனவர்களுக்குப் பிற்காலத்தில் பக்கவாத வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிரசவத்தோடு முடிந்தது என்று நாம்தான் மறந்துவிடுகிறோம். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் ஆகாது என்று எங்கள் பக்கம் ஒரு பத்தியம் இருக்கிறது. பிரசவித்த சில வாரங்களுக்கு இரத்தம் எளிதில் உறையும். உடம்பில் நீரும் வற்றினால் மூளையின் சிரைகளில் அடைப்பு வரலாம். தாங்க முடியாத தலைவலி, வலிப்பு வரும். ஊரில் பேய் என்று வேப்பிலை அடிப்பார்கள்! மாதவிலக்கு நின்றபின் பிரஷரும் கொழுப்பும் ஏறுவது இன்னொன்று.

எல்லாவற்றிலும் பெரியது பிரஷர்தான். 2021-ல் வீடு தேடி மருந்து தரும் திட்டம் வந்தபின் எங்கள் ஊரில் மாத்திரைக்குக் குறையில்லை. ஆனால் அம்மா அதை டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். "நல்லாத்தானேடா இருக்கேன், எதுக்கு?" என்றார். எங்கள் வீட்டில் சீட்டைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பார்த்தால் 160/100. கரித்துண்டால் சுவரில் குழாய் வரைந்து கணக்கைச் சொன்னேன். புரிந்ததோ என்னவோ, "ஃபீஸ் கட்டுனதுக்கு இதாவது ஆச்சு" என்று ஒன்றைப் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து டப்பாவை எண்ணிப் பார்ப்பது என் வேலை. ஹாஸ்டலுக்கு வந்தபின் தங்கச்சி பார்க்கிறாள்.

– மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்