வீட்டுத்தோட்டப் பாத்திகளிற் களைக்கட்டுப்பாடு

ஐப்பசி மாதத்தில் முதல் மழை விழுந்ததும் யாழ்ப்பாணத்து வளவுகளில் மண்வெட்டியின் ஓசை கேட்கத் தொடங்கும். வீட்டார் ஊக்கத்தோடு பத்துப் பாத்திகள் வரை கட்டுவர். எருவைச் சுமந்து இடுவர். மிளகாய், கத்தரி நாற்றுக்களை நட்டு, வெண்டியும் பயற்றையும் ஊன்றுவர். பின்னர் இரு கிழமை விடாமழை பெய்யும். ஒருவரும் தோட்டத்திற்குள் இறங்கார். கார்த்திகை விளக்கீடு வரும்போது களை முழங்காலளவு வளர்ந்திருக்கும். அதனிடையே மிளகாய்க் கன்று மஞ்சளித்து நிற்கும். மார்கழியில் தோட்டம் கைவிடப்படும். தையில் அது ஆட்டுக்கு மேய்ச்சல் நிலமாகும். வீட்டார் மீண்டும் சந்தை மரக்கறியையே நம்பியிருக்க நேரும்.

இவ்வாறு இழக்கப்படுவது ஒரு போகத்து மரக்கறி மாத்திரமன்று. கைவிட்ட பாத்தியில் முற்றிய களைகளின் விதைகள் அம்மண்ணிலேயே உதிர்கின்றன. ஆகவே அடுத்த வருடத்தில் வேலை இருமடங்காகின்றது, ஊக்கமோ பாதியாகின்றது. இந்நிலையைத் தவிர்க்கும் வழிகளையும், களை மூடிவிட்ட தோட்டத்தை மீட்கும் முறையையும் இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது.

களைகளாற் பயிருக்கு உண்டாகுந் தீமை

பயிருக்கென இட்ட பசளையையும், இறைத்த நீரையும், சூரிய ஒளியையும் களைகள் பங்கிட்டுக் கொள்கின்றன. பெரும்பாலான களைகள் மரக்கறிப் பயிர்களிலும் விரைவாக வளர்வதனால், பங்கிற் பெரும்பகுதி அவற்றிற்கே சேர்கின்றது. அன்றியும், பயிரைத் தாக்கும் வெண்ஈ, செடிப்பேன் முதலியவை களைகளில் ஒதுங்கி வாழ்ந்து பின்னர் பயிருக்குத் தாவுகின்றன. மிளகாய், வெண்டி ஆகியவற்றின் இலைச்சுருள், நரம்பு மஞ்சளாதல் போன்ற நோய்கள் இத்தகைய பூச்சிகளாற் பரப்பப்படுவனவாம்.

பயிரின் வயது முழுவதும் களையினால் ஒரே அளவான தீங்கு உண்டாவதில்லை. விதைத்த அல்லது நட்ட நாளிலிருந்து முதல் ஆறு கிழமைகளே மிக முக்கியமானவை. இக்காலத்திற் பாத்தி சுத்தமாயிருப்பின், கத்தரி, மிளகாய், பயற்றை முதலியன தம் இலைகளால் நிலத்தை மூடிக்கொண்டு, பின்னர் முளைக்குங் களையைத் தாமே அடக்கிவிடும். வெங்காயம் இதற்கு விலக்கானது. அதன் இலை ஒடுங்கியதாதலால் நிலத்தை ஒருபோதும் மூடாது. அறுவடை வரையும் கைக்களை எடுத்தல் அவசியம்.

களை பெருகும் வகை

பெரிய முட்கீரைச் செடியொன்று இலட்சத்திற்கு மேற்பட்ட விதைகளை உண்டாக்கவல்லது. சாறணை முளைத்து ஏறக்குறைய ஒரு மாதத்திற்குள் பூத்து விதை தரும். இவ்விதைகள் யாவும் ஒரே தடவையில் முளைப்பதில்லை. சில முதல் மழைக்கு முளைக்க, ஏனையவை பல வருடம் மண்ணில் உறங்கிக் கிடந்து, கொத்தும்போது மேலே வந்து, ஒளியும் ஈரமும் பட்டதும் முளைக்கின்றன. ஆதலால் ஒரு தடவை முற்றாகப் பிடுங்கிவிட்டோம் என்று எண்ணியிருத்தல் தவறாகும். எந்தக் களையையும் பூக்கவிடாமல் தடுத்துவரின், மண்ணிலுள்ள விதைக் கையிருப்பு வருடந்தோறுங் குறைந்து செல்லும். களைக்கட்டுப்பாட்டின் அடிப்படை இதுவேயாகும்.

வெளியிலிருந்தும் களை வந்து சேர்கின்றது. நன்கு உக்காத மாட்டெருவிலும் ஆட்டெருவிலும் உயிருள்ள களைவிதைகள் இருக்கும். எருவைக் குவித்து, ஈரமாக வைத்து, இடையிடையே புரட்டி, இரண்டு மூன்று மாதங்கள் உக்கவிட்ட பின்னரே பாத்திக்கு இடுதல் வேண்டும். சரியாகக் குவித்த கூட்டெருவின் நடுப்பகுதியில் வெப்பம் 55 முதல் 60 பாகை செல்சியசு வரை ஏறும். அவ்வெப்பம் பெரும்பாலான களைவிதைகளைக் கொல்லும். ஓரத்திலுள்ள பகுதி அவ்வளவு சூடேறாதாகையால், புரட்டும்போது வெளிப்புறத்தை உட்புறமாக்குதல் வேண்டும். வாய்க்காற் கரையிலும் வேலியோரத்திலும் நிற்கும் களைகளையும் பூக்குமுன் வெட்டிவிடுதல் நன்று. வாய்க்கால் நீர் அவற்றின் விதைகளைப் பாத்திக்குக் கொண்டுசெல்லும்.

விதைப்பதற்கு முன்

பாத்தியைக் கொத்தி எருவிட்டு மட்டப்படுத்திய அன்றே விதைத்தல் கூடாது. பாத்திக்கு நீர்விட்டு, அல்லது ஒரு மழையை எதிர்பார்த்து, பத்து முதல் பதினான்கு நாட்கள் விடுக. மேல்மண்ணிலுள்ள களைவிதைகள் இக்காலத்தில் முளைத்துவிடும். அவை இரண்டிலைப் பருவத்தில் இருக்கும்போது, வெயிலுள்ள ஒரு காலையில் உழவாரத்தினால் மேலோட்டமாகச் செருக்கிவிடுதல் வேண்டும். ஓர் அங்குலத்திற்கு மேல் ஆழமாகக் கிளறலாகாது. கிளறினால் அடியில் உறங்கும் விதைகள் மேலே வந்து, செய்த வேலை வீணாகும். இதன்பின் மண்ணை மீண்டும் கொத்தாமல் விதைத்தல் அல்லது நடுதல் வேண்டும். இதனால் இரு கிழமை தாமதமேற்படினும், பிந்திய களையெடுப்பிற் பெரும்பகுதி மிஞ்சும்.

விதைகளை வீசி விதையாமல் நேர்வரிசையில் விதைப்பதும் அவசியம். வரிசையிலுள்ள பயிருக்கும் இடையில் முளைத்த களைக்கும் வேறுபாடு சிறு பிள்ளைக்குந் தெரியும். சிறிய மண்வெட்டியும் தாராளமாகச் செல்லும். மிளகாய்க்கு வரிசைக்கு வரிசை இரண்டடியும் கன்றுக்குக் கன்று ஒன்றரையடியும் போதுமானது.

விதைத்த பின்

முதலாவது களையெடுப்பைப் பயிர் முளைத்து அல்லது நட்டுப் பத்துப் பதினைந்து நாட்களிலும், இரண்டாவதை நான்காங் கிழமையிலும், மூன்றாவதைப் பயிர் நிலத்தை மூடுவதற்குச் சற்று முன்னரும் செய்தல் வேண்டும். இவற்றிற்கிடையில் நாளொன்றுக்குக் காலையிற் கால் மணித்தியாலம் பாத்தியைச் சுற்றிவந்து, கண்ணிற்பட்டதைப் பிடுங்குவது சிறந்த பழக்கமாகும். ஓர் அங்குல உயரக் களையை விரலாற் கிள்ளலாம். ஓரடி உயரக் களைக்கு மண்வெட்டி வேண்டும். அதன் வேரோடு பயிரின் வேரும் அசைந்துவிடும்.

வேலையை நிலத்தின் நிலைக்கேற்ப மாற்றிக்கொள்ளல் வேண்டும். மண் ஈரமாயிருக்கும் நாளிற் கையாற் பிடுங்குவது எளிது; வேர் முழுவதும் வரும். செருக்குவதாயின் மண் காய்ந்திருக்கும் வெயில் நாளே ஏற்றது; செருக்கிய களை உச்சிப் பொழுதிற்குள் வாடிவிடும். மழை நாளிற் செருக்கிப் பாத்தியிலேயே விட்ட களை மீண்டும் வேர்விடும். வெங்காயப் பாத்தியில் வேர்கள் மேலோட்டமாயிருப்பதனால் மண்வெட்டியை உபயோகியாது கையாற் பிடுங்குதலே தகும்.

மூடுபடை

வெற்று மண்ணிற் களை முளைப்பது இயற்கை. ஆகவே பயிர்களுக்கிடையே உள்ள மண்ணை மூடிவைத்தல் வேண்டும். வைக்கோல், உலர்ந்த வாழையிலை, பூவரசங் குழை, கிளிரிசீடியாக் குழை, துண்டாக்கிய பனையோலை ஆகிய எவற்றையும் உபயோகிக்கலாம். மூன்று நான்கு அங்குலத் தடிப்பிற்குப் பரப்பினாலன்றிப் பயனில்லை. மெல்லிய படையினூடாகக் களை எளிதில் வெளிவரும். களையை எடுத்து நீர்விட்ட பின்னரே மூடுதல் வேண்டும். பயிரின் அடித்தண்டைச் சுற்றி இரண்டங்குல இடைவெளி விடுக. இல்லையேல் தண்டு அழுகவும், உலர்ந்த காலத்திற் கறையான் ஏறவுங் கூடும். மூடுபடை களையை அடக்குவதோடு, மண்ணின் ஈரத்தைக் காத்து இறைப்பையுங் குறைக்கின்றது. பின்னர் உக்கி எருவாகின்றது.

கோரையும் அறுகும்

இவ்விரண்டும் விதையினாற் பெருகுங் களைகளைப் போன்றவையல்ல. கோரை, நிலத்தின்கீழ் ஒன்றோடொன்று தொடுத்த கிழங்குகளாற் பெருகுகின்றது. சாதகமான நிலத்தில் ஒரு கிழங்கிலிருந்து மூன்று மாதத்தில் ஏறக்குறைய நூறு கிழங்குகள் உண்டாகலாம். இலையை மாத்திரம் பிடுங்கினால் கிழங்கு மீண்டும் முளைக்கும். மண்வெட்டியாற் கொத்தினால் தொடர் அறுந்து, ஒவ்வொரு கிழங்கும் தனிச் செடியாகும்.

எனவே கோரையுள்ள பாத்தியைக் கோடையில், மண் சற்றே ஈரமாயிருக்கும்போது, பற்களையுடைய முள்ளினாற் கிளறி, கிழங்குகளைக் கையாற் பொறுக்குதல் வேண்டும். பெரும்பாலான கிழங்குகள் மேல் ஆறங்குல மண்ணிலேயே இருக்கும். பொறுக்கியவற்றைச் சீமெந்துத் தரையிற் பல நாட்கள் வெயிலிற் காயவிடுக. நன்கு காய்ந்த கிழங்கு முளைக்காது. மிஞ்சியவை முளைத்து வரும்போது, புதிய கிழங்கு பிடிக்குமுன், அதாவது மூன்று கிழமைக்கொரு முறை தவறாது பிடுங்குதல் வேண்டும். ஒவ்வொரு முறையும் பழைய கிழங்கு தன் சேமிப்பைச் செலவழித்துத் தளர்கின்றது. கோரை நிழலுக்கு ஆற்றாதது. ஆதலால் அப்பாத்தியில் வெங்காயம் நடாது, வற்றாளை, பூசணி, பயற்றை போன்ற நிலத்தை மூடும் பயிர்களைச் செய்தல் நன்று.

அறுகின் ஓடுந்தண்டு ஒரு கணு அளவில் மண்ணில் விடப்படினும் மீண்டும் தழைக்கும். தண்டுகளை வெட்டாமல் முழுமையாக உருவியெடுத்துக் காயவிடுதல் வேண்டும். கோரைக்கிழங்கையும் பச்சை அறுகையும் கூட்டெருக் குவியலில் இடுதலும், ஒழுங்கையில் எறிதலும் ஆகா. அறுகை ஆடு மாடுகளுக்கு இடலாம். இளஞ் சாறணையைக் கறிக்கு எடுப்பாருமுளர். பூக்காத ஏனைய களைகளை மூடுபடையாகவும் கூட்டெருவாகவும் பயன்படுத்தலாம்.

களை மூடிய தோட்டத்தை மீட்டல்

நோயினாலோ வேலையினாலோ தோட்டத்தைக் கவனியாது விட்டோரும், நீண்டகால இடம்பெயர்விற்குப் பின் தரிசாய்க் கிடந்த வளவிற்குத் திரும்பியோரும், எங்கே தொடங்குவதென அறியாது திகைப்பதுண்டு. அவர்கள் கீழ்க்காணும் ஒழுங்கில் வேலை செய்தல் வேண்டும்.

1. முதல் நாளிற் பிடுங்கத் தொடங்காது, பூவும் காயுமுள்ள தலைகளை மாத்திரம் அரிவாளால் வெட்டி அகற்றுக. விதை உதிர்வது நின்றால் நிலைமை மேலும் மோசமாகாது.

2. முழு நிலத்தையும் எண்ணி மலையாது, இரண்டு பாத்திகளைத் தெரிந்தெடுக்க. கிணற்றிற்கு அண்மையில், குசினிவாசலிலிருந்து பார்க்கக்கூடிய இடமாயின் சிறந்தது. அவ்விரண்டையும் முற்றாகச் சுத்தஞ் செய்து, நட்டு, மூடுபடையிடுக.

3. எஞ்சிய நிலத்தில் களையைத் தரையோடு வெட்டி, பனையோலையாலோ பழைய கடதாசி மட்டையாலோ மூடுக. பரந்த நிலமாயின் சணலை நெருக்கமாக விதைத்து, பூக்கும் பருவத்தில் மண்ணில் தாழ்த்துக. சணல் களையை நிழலால் அடக்குவதோடு மண்ணுக்கு நைதரசனையும் சேர்க்கும்.

4. இரு பாத்திகளும் கைக்குள் அடங்கிய பின்னரே மூன்றாவதைத் திறக்க.

பாதி களையெடுத்த பத்துப் பாத்திகள் ஒரு கறிக்கும் உதவா. சுத்தமான இரு பாத்திகளோ குடும்பத்திற்குக் கீரையும் பச்சைமிளகாயும் தந்து, மேலுஞ் செய்யும் மனத்தையும் தரும்.

களைநாசினி பற்றி

போத்தலில் வரும் மருந்தினால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடுமெனச் சிலர் எண்ணுவர். பரகுவாற்று என்னும் களைநாசினி, அதனால் நேர்ந்த உயிரிழப்புக்கள் காரணமாக, 2008ம் ஆண்டு முதல் படிப்படியாக இந்நாட்டில் விலக்கப்பட்டது. கிளைபோசேற்றின் இறக்குமதி 2015இல் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலை, இறப்பர் ஆகியவற்றிற்கு மாத்திரம் அனுமதிக்கப்பட்டு, 2022இல் தடை நீக்கப்பட்டது. எனினும் கடையிற் கிடைப்பதெல்லாம் வீட்டுப் பாத்திக்கு ஏற்றதாகாது. கிளைபோசேற்று களையையும் கத்தரியையும் வேறுபடுத்தி அறியாது; காற்றில் அள்ளுண்ட துளியே அயற்பாத்தியைக் கருக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்றுநீர் சுண்ணாம்புக்கற் படையிலுள்ள வெடிப்புக்களினூடாக இறங்கிச் சேர்ந்த மழைநீராகும். வளவில் ஊற்றப்படுவது அதே வளவின் கிணற்றைச் சென்றடையக்கூடும். அந்நீரையே குழந்தைகள் பருகுகின்றனர். சில பாத்திகளே கொண்ட தோட்டத்திற்குக் கையும் உழவாரமும் மூடுபடையும் போதும்.

பார்த்தீனியம்

கரற் இலையையொத்த பிளவுபட்ட இலைகளும் சிறிய வெண்ணிறப் பூக்களுமுடைய இச்செடி, பிற்காலத்தில் வட மாகாணத்திற் பரவிய அந்நியக் களையாகும். ஒரு செடி பத்தாயிரத்துக்கு மேற்பட்ட விதைகளைத் தரவல்லது. இதன் மகரந்தமும் இலையும் தோலரிப்பையும் இழுப்பையும் உண்டாக்கும். வளவில் ஒரு செடி காணப்படினும், கையுறையணிந்து, பூக்குமுன் வேரோடு பிடுங்குதல் வேண்டும். பூத்த செடியாயின் பையொன்றால் மூடியபின் பிடுங்கி, விதை சிந்தாமல் அழிக்க வேண்டும். சிறுபிள்ளைகளை இவ்வேலையில் ஈடுபடுத்தலாகாது.

மனத்திற் கொள்ள வேண்டியவை

விதைக்குமுன் ஒரு தடவை களையை முளைக்கவிட்டுச் செருக்குக. முதல் ஆறு கிழமை பாத்தியைச் சுத்தமாக வைத்திருக்க. மண்ணை வெறுமையாக விடாதீர். எந்தக் களையையும் பூக்கவிடாதீர். கவனிக்கக்கூடிய அளவிலேயே பாத்திகளைக் கட்டுக. இவற்றை மூன்று மாரி தொடர்ந்து கைக்கொள்ளும் வீட்டார், தம் பாத்திகளிற் களையெடுக்கும் நேரம் வருடந்தோறுங் குறைந்து வருவதைக் காண்பர்.

மேலதிக விபரங்களுக்கு அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரை அணுகுக.