நாற்புறமும் பாடுவோர்

இசை பயிலாத உழவர் ஒருவர், முன்பு கேட்டிராத பாடலை ஏட்டைப் பார்த்தே பாட இயலுமா? அதற்கு வழிகாட்ட முனைந்தது, 1801-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு பாடநூல். வில்லியம் லிட்டில், வில்லியம் ஸ்மித் ஆகிய இருவரும் இயற்றிய அந்நூலில் சுரங்கள் வடிவங்களாக அச்சிடப்பட்டன. ‘ஃபா’ முக்கோணம், ‘சோல்’ வட்டம், ‘லா’ சதுரம், ‘மீ’ சாய்சதுரம். சுரங்கள் ஏழாயினும் பெயர்கள் நான்கே. முதல் மூன்றும் இருமுறை வரும். வடிவத்தைக் கண்ட அளவில் சுரம் நாவில் வந்தது.

நகரத்து இசையாசிரியர் பலர் இம்முறையை எள்ளினர். தென் மாநிலங்களின் சிற்றூர்களோ இதனை விடாது பற்றிக்கொண்டன. ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த பி. எஃப். வைட், இ. ஜே. கிங் ஆகியோர் 1844-இல் ‘சேக்ரட் ஹார்ப்’ என்னும் கிறித்தவப் பாடல் தொகுப்பை வெளியிட்டனர். ‘புனித யாழ்’ என்பது அதன் பொருள். கிங் அவ்வாண்டிலேயே இளம் வயதில் இறந்தார். வைட் தளரவில்லை, மறு ஆண்டில் அந்நூலைப் பாடுவதற்கென ஓர் இசைச் சங்கம் உருவாயிற்று. 1852-இல் அம்மாநிலத்திலேயே சட்டாஹூச்சி இசைச் சங்கம் தோன்றியது. இன்றளவும் கூடிவரும் சங்கங்களுள் அதுவே மூத்தது.

சங்கக் கூட்டத்தில் மேடை இல்லை. நான்கு குரல் பிரிவினர் சதுரத்தின் நான்கு பக்கங்களில் உள்நோக்கி அமர்வர். ஒருவர் நடுவில் நின்று கையசைத்துத் தாளம் காட்டுவார். பின்னர் வேறொருவர் வருவார். சிறுவரும் சிறுமியரும் அவ்விடத்தில் நிற்கலாம். கருவியிசை கிடையாது. கீதம் பயில்வோர் சுரங்களை முதலிலும் சொற்களைப் பின்னரும் பாடுவதுபோல, இவர்களும் சுரப்பெயர்களையே முதலில் பாடுவர். ஒருவர் நடத்தும் முறைக்குப் ‘பாடம்’ என்றும், கூடியிருப்போர்க்கு ‘வகுப்பு’ என்றும் பெயர். பழைய பாட்டுப் பள்ளிகளின் சொற்கள் இவை. நண்பகலில் அனைவரும் தாம் கொண்டுவந்த உணவைப் பகிர்ந்துண்பர்.

எனினும் இச்சதுரத்தில் எல்லார்க்கும் இடமிருந்ததில்லை. இனப்பிரிவினை நிலவிய காலத்தில் கறுப்பின மக்கள் தனியே கூடிப் பாடினர். அலபாமாவில் அவர்களுக்கென 1934-இல் ஒரு நூலை வெளியிட்டவர் ஜட்ஜ் ஜாக்சன். ‘ஜட்ஜ்’ என்பது அவருடைய பெயரே, பதவியன்று.

ஆண்டுக் கூட்டத்தில், முந்தைய கூட்டத்திற்குப் பின் மறைந்த பாடகர்களின் பெயர்கள் வாசிக்கப்படும். அவர்களுக்காக ஒரு பாடல் பாடப்படும். அதன்பின் அடுத்தவரின் பெயர் அழைக்கப்படும். அவர் நூலுடன் நடுவில் வந்து நிற்பார்.

பயிற்சி

1. ஏழு சுரங்களுக்கு நான்கு பெயர்கள் எவ்வாறு போதுமானவை ஆயின?
2. ‘இச்சதுரம்’, ‘அவ்விடம்’ – பிரித்து எழுதுக.
3. உம் வீட்டுப் பெரியோர் கூடிப் பாடும் பாடல் ஒன்றைக் கேட்டு, அதைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.