விண்ணப்பத்தில் பூஜ்யம் தொலையாமல் இருக்க

பண்ணைக்காட்டுப் பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தை வேர்டில் தயாரிக்கும்போது நாம் அதிகம் கவனிக்க வேண்டியது வங்கிக் கணக்கு எண் கட்டத்தைத்தான். 'டெவலப்பர்' பகுதியில் 'லெகசி டூல்ஸ்' வழியாக டெக்ஸ்ட் ஃபீல்டைச் செருகி, அதன் மேல் இருமுறை கிளிக் செய்தால் வகை கேட்கும். எண்தானே என்று 'நம்பர்' கொடுத்துவிடக் கூடாது. சில கணக்கு எண்கள் பூஜ்யத்தில் தொடங்கும். 'நம்பர்' வகை அந்தப் பூஜ்யத்தை விழுங்கிவிடும், பிள்ளைக்குச் சேர வேண்டிய பணம் தடைபடும். 'ரெகுலர் டெக்ஸ்ட்' கொடுப்போம்.

ஐ.எஃப்.எஸ்.சி. கட்டத்துக்கு நீளம் 11. அதில் ஐந்தாம் இடம் எப்போதும் பூஜ்யம், ஆங்கில 'ஓ' அல்ல. இதைக் கட்டத்தின் அருகிலேயே அச்சிட்டுவிடலாம், பலர் சறுக்குமிடம் அது.

பிறகு 'ரெஸ்ட்ரிக்ட் எடிட்டிங்'கில் 'ஃபில்லிங் இன் ஃபார்ம்ஸ்' தேர்ந்து பூட்டி, டெம்ப்ளேட்டாகச் சேமிப்போம். பூட்டாவிட்டால் இந்தக் கட்டங்கள் வேலை செய்யாது.