மினுக்கும் சிறு விளக்கு
(பத்தாம் வகுப்பு மாணவி)



கணினியின் முன்புறத்தில் கடுகளவு விளக்கு ஒன்று விட்டுவிட்டு மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் வட்டு வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். இத்தனை சிறிய விளக்கினால் என்ன பயன் என்று நானும் சென்ற ஆண்டு வரை எண்ணியிருந்தேன்.

நம் ஆம்பூரில் ஷூ கம்பெனிகளுக்கு அப்பர் தைத்துக் கொடுப்போர் பலர். என் சித்தப்பாவும் அத்தொழிலே செய்கிறார். யார் எத்தனை ஜோடி தைத்தார் என்ற கணக்கை, வட்டுகள் பொருத்திய ஒரு சேமிப்புப் பெட்டியில் வைத்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை இரவு கணக்கைப் பதிவு செய்துவிட்டுப் பெட்டியைப் பார்த்தார். விளக்கு மினுக்கவில்லை. வேலை முடிந்தது என்று எண்ணி ஸ்விட்சை அணைத்துவிட்டார். மறுநாள் சம்பள நாள். திறந்து பார்த்தால் அந்த வாரக் கணக்கையே காணோம்! தைக்கும் அக்காமார்கள் துண்டுச் சீட்டுகளைத் தேடி எடுத்து வந்தார்கள். ஓர் அக்காவிடம் மட்டும் சீட்டு இல்லை. அவர் வாயால் சொன்ன எண்ணிக்கையையே சித்தப்பா ஏற்றுக்கொண்டார்.

பழுது பார்க்க வந்த அண்ணன் பெட்டியைத் திறந்தார். விளக்கும் கம்பியும் நன்றாகவே இருந்தன. "இதை ஏற்றச் சொல்லத்தான் உள்ளே ஆளில்லை" என்றார்.

அந்த ஆள் யார்? அவர்தான் டிரைவர்! லாரி ஓட்டும் டிரைவர் அல்ல. வட்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் சில்லுக்கும் கணினிக்கும் இடையே நின்று வேலை வாங்கும் மென்பொருளுக்கும் டிரைவர் என்றே பெயர்.

முற்காலத்து ஐ.டி.இ. வட்டுகளில் இந்தக் கவலை இல்லை. நாற்பது ஊசிகள் கொண்ட இணைப்பின் 39ஆம் ஊசி வழியாக வட்டே தன் வேலையைத் தெரிவித்துவிடும். பின்னர் வந்த சாட்டா கன்ட்ரோலர்கள் பலவும் விளக்கைத் தாமே ஏற்றும். சிலவற்றில் மட்டும் டிரைவர்தான் ஏற்ற வேண்டும். லினக்ஸில் ஏ.எச்.சி.ஐ. டிரைவருக்கு இந்த வசதியை 2008இல் கிறிஸ்டன் கார்ல்சன் அக்கார்டி என்ற பெண் பொறியாளர் எழுதிச் சேர்த்தார். சிறு பெட்டிகளில் உள்ள விளக்குகளுக்காக, ஐ.டி.இ., சாட்டா வட்டுகளுக்குப் பொதுவான ஏற்பாடு 2016இல் வந்தது. சித்தப்பாவின் பெட்டியில் இருந்ததோ அதற்கு முந்தைய லினக்ஸ்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. வட்டின் ஒரு வேலை சில மில்லி செகண்டுகளில் முடிந்துவிடும். அதே நேரம் மட்டும் விளக்கு எரிந்தால் நம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ஆகவே ஒரு வேலை முடிந்ததும் டிரைவர் ஒரு குறிப்பு மட்டும் கொடுக்கிறது. விளக்கை 30 மில்லி செகண்டு ஏற்றி அணைக்கும் பொறுப்பு வேறொரு கடிகாரத்தினுடையது. டிரைவரோ விளக்குக்காகக் காத்திராமல் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. விளம்பரத்துக்காக வேலை நிற்கக் கூடாதல்லவா?

அண்ணன் புதிய லினக்ஸைப் பதித்தார், விளக்கும் மினுக்கியது. சித்தப்பா மகிழ்ந்து, "இனி இது அணைந்ததும் ஸ்விட்சை அணைக்கலாம்" என்றார். அண்ணன் உடனே தடுத்தார். நாம் சேமித்தது சற்று நேரம் நினைவகத்திலேயே தங்கி, பிறகுதான் வட்டுக்குப் போகும். அந்த இடைவேளையிலும் விளக்கு அணைந்தே இருக்கும். ஆகையால் பெட்டியை முறைப்படி நிறுத்திய பிறகே மின்சாரத்தை நிறுத்த வேண்டும்.

தோழிகளே! விளக்கு எரிந்தால் வேலை நடக்கிறது என்று நம்பலாம். எரியாவிட்டால் வேலை முடிந்தது என்று முடிவு கட்டலாகாது. பத்துப் பேருடைய ஒரு வார உழைப்பு எங்களுக்குக் கற்றுத் தந்த பாடம் இது. நீங்கள் இழக்காமலே கற்றுக்கொள்ளுங்கள்!