மாடி வாடகையும் ஒத்திப் பணமும்



நம் ஊர்களில் இன்று பல வீடுகள் பெரியவை. அவற்றில் குடியிருப்போர் சிலரே. பிள்ளைகள் சஃபர் போய்விட்டார்கள். சிலர் வேலையின் பொருட்டு நகரங்களில் குடியேறிவிட்டார்கள். மாடியும் பின்கட்டு அறைகளும் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றைப் பிறர் குடியிருக்கக் கொடுத்து வருமானம் தேடலாமா என்று நம்மிடம் கேட்கப்படுகிறது.

தாராளமாகத் தேடலாம். கணவனை இழந்த எத்தனையோ தாய்மார்கள் ஓர் அறை வாடகையைக் கொண்டு பிறரிடம் கையேந்தாமல் வாழ்கிறார்கள். அது தூய்மையான சம்பாத்தியம். ஆனால் அதே மாடியை, அதே மனிதருக்கு, வேறொரு முறையில் கொடுக்கும்போது அது ஹராமாகிவிடுகிறது. அந்த முறைக்குப் பெயர் ஒத்தி. சில ஊர்களில் போக்கியம் என்றும், நகரங்களில் லீஸ் என்றும் சொல்வார்கள். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளங்கிக்கொள்வதே இப்பாடத்தின் நோக்கம்.

வாடகை என்பது என்ன?

ஒரு பொருளை விற்காமல், அதன் பயனை மட்டும் குறிப்பிட்ட காலத்துக்கு விற்பதையே மார்க்கத்தில் இஜாரா என்கிறோம். மூஸா (அலை) அவர்கள் மத்யன் நகரில் எட்டு ஆண்டுகள் கூலிக்கு உழைக்க ஒப்புக்கொண்டதையும், பத்து ஆண்டுகளாக நிறைவு செய்வது அவர்கள் விருப்பம் என்று பேசப்பட்டதையும் குர்ஆனின் 28ஆம் அத்தியாயம் கூறுகிறது. உழைப்பின் பயனைக் கூலிக்குத் தருவது போலவே வீட்டின் பயனை வாடகைக்குத் தருவதும் ஆகும்.

இது கூடுவதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. எந்த இடம், எவ்வளவு வாடகை, எத்தனை காலம் என்ற மூன்றும் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கொடுப்பவருக்குக் கொடுக்கும் உரிமை இருக்க வேண்டும். அத்தா விட்டுப்போன வீடு இன்னும் பங்கு பிரிக்கப்படவில்லையென்றால், அதன் வாடகையில் சகோதரிகளுக்கும் பங்குண்டு. மூத்தவர் தனியே எடுத்துக்கொள்வது கூடாது.

ஒத்தியில் நடப்பது என்ன?

சென்ற ஆண்டு ஒரு பெரியவர் நம்மிடம் வந்தார். “ஹஜ்ரத், மகளின் படிப்புக்குப் பணம் தேவைப்படுகிறது. வட்டிக்கு வாங்க எனக்கு மனமில்லை. அதனால் மாடியை 6 லட்சத்துக்கு மூன்று வருட ஒத்திக்குக் கொடுக்கப் போகிறேன். துஆச் செய்யுங்கள்” என்றார். அந்த மாடி வாடகைக்குப் போனால் என்ன கிடைக்கும் என்று கேட்டோம். மாதம் 6,000 கிடைக்கும் என்றார்.

அவரோடு அமர்ந்து கணக்குப் போட்டோம். ஆண்டுக்கு 72,000 ரூபாய். மூன்று ஆண்டுகளுக்கு 2,16,000 ரூபாய். பணம் கொடுத்தவர் இந்த வாடகையைக் கொடுக்காமலே குடியிருப்பார். காலம் முடிந்ததும் தம் 6 லட்சத்தையும் குறையாமல் வாங்கிக்கொண்டு போவார். 6 லட்சத்துக்கு ஆண்டுக்கு 72,000 என்றால் நூற்றுக்குப் பன்னிரண்டு. கடைத்தெருவில் ஒரு ரூபாய் வட்டி என்கிறார்களே, அதுவேதான். பணமாகக் கொடுப்பதற்குப் பதிலாக மாடியாகக் கொடுக்கிறார். பெரியவர் வெகுநேரம் பேசவில்லை.

ஒத்திப் பணம் திரும்பித் தரவேண்டிய பணம். ஆகவே அது கடன். வீடு அக்கடனுக்கு அடகு. கடன் கொடுத்ததற்காக நிபந்தனையிட்டுப் பெறும் எந்தப் பயனும் வட்டியே என்பது ஃபிக்ஹுச் சட்டத்தின் அடிப்படை விதி. நாட்டுச் சட்டமும் இதை வாடகை என்று சொல்லவில்லை. பத்திரங்களில் சுவாதீன அடமானம் என்று எழுதப்படும் இம்முறையை 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் அடமான வகைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. சொத்தின் வருமானத்தை வட்டிக்கு ஈடாகவோ அசலில் கழிக்கவோ எடுத்துக்கொள்ளும் முறை என்று அது விளக்குகிறது. வட்டிக்கு ஈடு என்று சட்டமே சொல்லும்போது நாம் வேறு பெயர் சூட்டி என்ன பயன்?

சொல்லப்படும் சமாதானங்கள்

“இருவரும் மனமொப்பித்தானே செய்கிறோம்?” என்பார்கள். வட்டிக்கடைக்குப் போகிறவரும் தாமே ஒப்பித்தான் கையெழுத்திடுகிறார். ஒப்புதலால் வட்டி ஹலாலாகிவிடாது. ரத்துல் முஹ்தார் ஆசிரியர் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். மக்கள் பெரும்பாலும் அடகுப் பொருளின் பயனைக் கருதியே பணம் தருகிறார்கள், அது இல்லையேல் தரமாட்டார்கள், ஆதலால் வாயால் பேசாவிட்டாலும் அது நிபந்தனையிட்டதற்குச் சமமே என்று விளக்குகிறார்கள்.

“அடகு வைத்த பிராணியில் சவாரி செய்ய ஹதீஸில் அனுமதி உண்டே?” என்பார்கள். அது பிராணியின் செலவை ஏற்பதற்கு ஈடாகச் சொல்லப்பட்டது. அதை ஆதாரமாகக் கொள்வோரும் தீனிச் செலவின் அளவுக்கே அனுமதிக்கிறார்கள். மாடி தீனி தின்பதில்லை.

“பெயருக்கு மாதம் 100 ரூபாய் வாடகை வைத்துக்கொள்கிறோம்” என்பாரும் உண்டு. 6,000 பெறும் இடம் 100 ரூபாய்க்குப் போவது அந்தக் கடனுக்காகத்தானே? அல்லாஹ்விடம் பெயர் செல்லாது. பெருந்தொகையை அட்வான்ஸாகக் கொடுத்து, அதற்காக வாடகையைக் குறைத்துக்கொள்வதும் இவ்வகையே. சேதத்துக்கும் பாக்கிக்கும் ஈடாக வழக்கமான அளவில் அட்வான்ஸ் வாங்குவதில் குற்றமில்லை.

வழி என்ன?

முதலாவது, நியாயமான மாத வாடகைக்கு விடுவது.

இரண்டாவது, மொத்தமாகப் பணம் தேவைப்பட்டால் முன்வாடகையாக வாங்குவது. மாதம் 5,500 என்று பேசி 36 மாதங்களுக்கு 1,98,000 ரூபாயை முன்பே பெறலாம். முன்பே தருவதற்காகக் குறைத்துப் பேசிக்கொள்வதும் கூடும். ஏனெனில் இது கடனல்ல, பயனின் விலை, திரும்பித் தரவேண்டியதில்லை. இடையில் இருவரும் பேசி முடித்துக்கொண்டால் மீதி மாதங்களுக்கு உரியதை மட்டும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, எஞ்சிய தேவைக்கு உறவினரிடமோ நண்பரிடமோ கர்ழு ஹஸனாவாகக் கடன் பெறுவது. அதை வாடகையோடு முடிச்சுப் போடக்கூடாது.

ஏற்கெனவே ஒத்தியில் இருப்போர் என்ன செய்வது? தவ்பாச் செய்து, இன்றிலிருந்து நியாயமான வாடகையை நிர்ணயித்து, அதை ஒத்திப் பணத்தில் மாதந்தோறும் கழித்து வரட்டும். மீதியைக் காலக்கெடுவில் பெற்றுக்கொள்ளட்டும். இப்படிச் செய்தால் குடியிருப்பவரும் வெளியேற வேண்டியதில்லை; வீட்டுக்காரரும் திடீரெனப் பணம் புரட்ட வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். கடனை எழுதி வைக்குமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் ஏவுகிறது. தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையிலுள்ள வாடகைச் சட்டமும் எழுத்து ஒப்பந்தத்தைக் கேட்கிறது. ஹனஃபி மத்ஹபில் இருவரில் ஒருவர் மவ்த்தானாலும் ஒப்பந்தம் முறிந்துவிடும். ஷாஃபிஈ மத்ஹபில் காலம் முடியும்வரை நீடிக்கும். எழுத்து இருந்தால்தான் வாரிசுகள் சண்டையின்றித் தீர்த்துக்கொள்வார்கள்.

ஜகாத்

வாடகைக்கு விட்ட வீட்டின் மதிப்புக்கு ஜகாத் இல்லை. செலவு போகச் சேர்ந்த வாடகைப் பணம் மற்றப் பணத்தோடு நிஸாபை எட்டி ஓராண்டு நிறைந்தால் நாற்பதில் ஒரு பங்கு கடமையாகும். ஒத்திப் பணம் கொடுத்தவருக்கே உரியது. அதன் ஜகாத்தும் அவர் மீதே. இதைப் பலர் மறந்திருக்கிறார்கள்.

அந்தப் பெரியவர் மாடியை முன்வாடகைக்கே விட்டார். போதாததற்கு மைத்துனர் கடன் கொடுத்தார். கையில் வந்தது 6 லட்சத்தைவிடக் குறைவுதான். ஆனால் மூன்று ஆண்டுகள் கழித்து 6 லட்சத்துக்கு எங்கே போவது என்ற கவலை அவருக்கு இல்லை.

வல்ல அல்லாஹ் நம் வீடுகளை வட்டியின் நிழலிலிருந்து காத்து, ஹலாலான ரிஸ்கில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.