கயிறு பிடிக்கப் போகிறவளுக்கு

தூத்துக்குடி,
தவக்காலம், நான்காம் வாரம்.

அன்பு மகளுக்குப் பெரியப்பா எழுதுவது.

அக்காள் பிள்ளைக்கு நீ ஞானத்தாயாக நிற்கப்போகிறாய் என்று அம்மா சொன்னாள். போன வருஷம் உறுதிபூசுதல் வாங்கினாய், பதினாறும் முடிந்துவிட்டது. திருச்சபை கேட்கிற வயது வந்தாயிற்று. ஆனால் போனில் நீ கேட்டது இரண்டு நாளாக மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது. "மூணு தடவை தண்ணி ஊத்துறாங்க. அதுல அப்படி என்ன ஆயிடுது, பெரியப்பா?"

உனக்கு முன்பே இதைக் கேட்டவர் ஒருவர் உண்டு. சிரியாவின் படைத்தலைவர் நாமான், தொழுநோயாளி. அவர் தேடி வந்தபோது இறைவாக்கினர் எலிசா வாசலுக்குக்கூட வரவில்லை. யோர்தானில் ஏழு முறை மூழ்கச் சொல்லி ஆள் அனுப்பினார். நாமானுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தமஸ்குவில் அபானாவும் பர்பாரும் ஓடுகையில், இந்த ஆற்றில் அப்படி என்ன இருக்கிறது என்று திரும்பிப் போகப் பார்த்தார். கூட வந்த வேலைக்காரர்கள்தான் தேற்றினார்கள்: பெரிய காரியம் ஏதாவது சொல்லியிருந்தால் செய்திருப்பீர்களே, இது சின்னதுதானே? இறங்கி மூழ்கினார். ஏழாவது முழுக்கில் சிறுபிள்ளையின் தோல் வந்தது. மருந்து ஆற்றில் இல்லை. கடவுளின் சொல்லை நம்பி இறங்கினாரே, அதில் இருந்தது.

இனி நம் வீட்டுப் பேச்சுக்கு வா. "அவனைத் தலைமுழுகியாச்சு" என்று ஆச்சி சொன்னால் என்ன அர்த்தம்? இனி ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சோப்புப் போட்டுக் குளிப்பது வேறு, தலைமுழுகுவது வேறு. நாங்கள் ஞானஸ்நானம் என்று சொல்லி வளர்ந்ததை இப்போது திருமுழுக்கு என்கிறோம். கிரேக்க மூலச் சொல்லுக்கும் அமிழ்த்துவது என்றுதான் பொருள். அன்றைக்குச் சடங்கின் வரிசையைக் கவனி. தண்ணீருக்கு முன்னால், சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று குருவானவர் கேட்பார். பெற்றோரும் ஞானப்பெற்றோரும் விட்டுவிடுகிறோம் என்பார்கள். அப்புறம் விசுவாச அறிக்கை. அதன் பிறகே தண்ணீர். பழைய உறவை அறுத்துவிட்டுத்தான் புது உறவு.

தண்ணீர் பாவ அழுக்கைக் கழுவும் என்று மறைக்கல்வியில் படித்திருப்பாய். சரிதான், ஆனால் அது பாதி. கடற்கரைக்காரர்களுக்கு மறுபாதியும் தெரியும். சோறு போடுகிற கடல்தான் ஆளையும் கொண்டுபோகிறது. விவிலியத்துத் தண்ணீரும் அப்படித்தான். தொடக்கத்தில் ஆவியானவர் அசைவாடியது தண்ணீரின் மேல். நோவா காலத்தில் உலகத்தை மூடியதும் தண்ணீர்; பேழையில் தப்பிய எட்டுப் பேரைச் சொல்லி, அது திருமுழுக்கின் முன்னடையாளம் என்கிறது பேதுருவின் முதல் திருமுகம். செங்கடல் இஸ்ரயேலருக்கு வழிவிட்டது, அதே கடல் பார்வோன் படைக்குக் கல்லறையானது. பவுல் உரோமையருக்கு எழுதும்போது ஒளிவுமறைவே வைக்கவில்லை: திருமுழுக்கு என்பது கிறிஸ்துவோடு சாவது, அவரோடு அடக்கமாவது, அவரோடு எழுவது. அந்தத் தொட்டி கருவறை மட்டுமல்ல, கல்லறையும்கூட.

பழைய திருச்சபை இதைக் கல்லிலேயே கட்டியது. இத்தாலியின் மிலான் பேராலயத்துக்கு அடியில் எட்டு மூலையுள்ள ஒரு குளத்தின் இடிபாடு இருக்கிறது. 387ஆம் ஆண்டு பாஸ்கா இரவில், முப்பத்திரண்டு வயது அகுஸ்தினாருக்கு ஆயர் அம்புரோசியார் திருமுழுக்குக் கொடுத்தது அங்கேதான். ஏன் எட்டு மூலை? படைப்புக்கு ஏழு நாள். வாரம் முடிந்த மறுநாள் ஆண்டவர் உயிர்த்தார். அது எட்டாம் நாள், புதுப் படைப்பின் நாள்.

இந்த முறை பாஸ்கா திருவிழிப்பில் தூங்கிவிடாதே. தண்ணீரை மந்திரிக்கும் செபத்தில் படைப்பு, பெருவெள்ளம், செங்கடல், யோர்தான், சிலுவையில் ஆண்டவர் விலாவிலிருந்து வழிந்த இரத்தமும் தண்ணீரும் என்று எல்லாம் வரிசையாக வரும். அப்போது குருவானவர் பாஸ்கா மெழுகுதிரியின் அடியைத் தொட்டித் தண்ணீருக்குள் இறக்குவார். தண்ணீருக்குள் இறங்குவது யார் என்று பார்த்துக்கொள். பிள்ளைக்கு முன்னால் கிறிஸ்துவே இறங்குகிறார்.

என் கதையும் உனக்குத் தெரியாது. நான் வீட்டில் பிறந்தேன், அழாமல், உடம்பெல்லாம் நீலம் பாரித்து. ஆச்சி சாமியாரைக் கூப்பிட ஓடியிருந்தாள். மருத்துவச்சி இந்துப் பெண். எத்தனையோ கத்தோலிக்க வீடுகளில் பிள்ளை எடுத்தவள் என்பதால் செய்ய வேண்டியது அவளுக்குத் தெரியும். செம்பில் இருந்த கிணற்றுத் தண்ணீரைத் தலையில் ஊற்றி, தந்தை, மகன், தூய ஆவி என்று பெயர் சொன்னாள். சாமியார் வந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் விசாரித்துவிட்டு, மறுபடி தண்ணீர் ஊற்றவே இல்லை. எண்ணெய் பூசுதல் முதலான மீதிச் சடங்குகளைப் பிறகு கோயிலில் முடித்தார்கள். சாகக் கிடக்கும் உயிருக்கு யாரும் கொடுக்கலாம், கிறிஸ்தவராக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. திருச்சபை கருதுவதைச் செய்யும் எண்ணம் போதும். ஆனால் தண்ணீர், தண்ணீராகவே இருக்கவேண்டும். பாலோ இளநீரோ செல்லாது. எந்த ஏழை வீட்டிலும் இருக்கிற ஒன்றைத்தான் கடவுள் கேட்டிருக்கிறார்.

அப்படியானால் ஞானத்தாய் எதற்கு என்று அடுத்துக் கேட்பாய். நம் கடற்கரையின் கதையிலேயே பதில் இருக்கிறது. 1530களில் நம் முன்னோர்கள் ஊர் ஊராகத் திருமுழுக்கு வாங்கினார்கள். 1542இல் சவேரியார் வந்து பார்த்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் ஊற்றியாயிற்று, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. செபங்களைத் தமிழில் எழுதவைத்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி அவர் கற்றுக்கொடுத்தார். ஞானத்தாயின் வேலையும் அதுதான்.

அந்தக் காலத்தில் முத்துக்குளித்தவர்கள் இதையே வேறுவிதமாகச் சொல்வார்கள். இடுப்பில் கயிறும் காலடியில் கல்லுமாக ஒருவர் கடலுக்குள் இறங்குவார். தோணியில் நிற்பவர் கயிற்றில் கையும், கையில் கவனமுமாக இருப்பார். கீழே அசைந்ததும் இழுத்துவிட வேண்டும். அதனால்தான் மச்சானைக் கயிறு பிடிக்க வைப்பார்களாம். தங்கை தாலி அவன் கையில் என்றால் கண் அசருவானா?

பிள்ளை இறங்கி எழ அரை நிமிஷம் ஆகும். நீ பிடிக்கிற கயிறு அதற்கு அப்புறம்தான் நீளும். பிள்ளை சிலுவை போடப் பழகும்போது, பத்து வயதில் "கோயிலுக்கு எதுக்குப் போகணும்" என்று கேட்கும்போது, என்னைப் போல உனக்கும் ஒரு கடிதம் எழுத வேண்டி வரும்போது, கயிறு அசையும்.

புனித சனிக்கிழமை இரவு சீக்கிரம் வா. தொட்டிக்குப் பக்கத்தில் இடம் பிடித்து வைக்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா