உலகின் வானிலை உச்சங்களைப் பின்தொடர்வது எப்படி? தொடங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

கோடை பிறந்தால் "வரலாறு காணாத வெயில்" என்று ஒரு செய்தி வந்துவிடும். எத்தனை வருட வரலாறு, எந்த ஊர் நிலையம், யார் அளந்தது என்பதெல்லாம் அதில் இருக்காது. அந்தக் கேள்விகள் உங்களை உறுத்தினால் இந்தப் பொழுதுபோக்கு உங்களுக்குப் பிடிக்கும். செலவும் அதிகமில்லை. ஒரு நோட்டு, இணையம் உள்ள கைபேசி, கொஞ்சம் சந்தேக புத்தி போதும்.

படி 1: எதை அளக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

வானிலைத் துறை சொல்லும் வெப்பநிலை என்பது நிழலில் இருக்கும் காற்றின் வெப்பநிலை. காற்று புகும் வெள்ளை மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து சுமார் ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில் வைத்த வெப்பமானி காட்டுவது மட்டுமே கணக்கில் சேரும். வெயிலில் நின்ற கார் காட்டும் 52 டிகிரியும், கைபேசிச் செயலி "உணரப்படும் வெப்பம்" என்று சொல்லும் எண்ணும் சேராது. ஈரானின் லூத் பாலைவனத்தில் 80 டிகிரி என்று வாட்ஸ்அப்பில் வந்தால், அது செயற்கைக்கோள் பார்த்த மண்ணின் சூடு. அதைக் காற்றின் வெப்பத்தோடு ஒப்பிடக் கூடாது.

மழையில் கவனிக்க வேண்டியது கடிகாரம். இந்தியாவில் மழை நாள் காலை 8.30 மணியிலிருந்து மறுநாள் காலை 8.30 வரை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் பெய்த 95 செ.மீ. அப்படி எடுத்த கணக்குதான். 24 மணி நேர உலகச் சாதனையோ, தொடர்ச்சியான எந்த 24 மணி நேரமாகவும் இருக்கலாம். இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவின் ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் 1966 ஜனவரி 7, 8 தேதிகளில் ஒரு புயலின்போது பெய்த 1,825 மி.மீ. இன்றும் முறியடிக்கப்படவில்லை. காயல்பட்டினத்தை மிதக்கவிட்ட மழையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு!

படி 2: அடிப்படைப் பட்டியலை எழுதி வையுங்கள்

உலக வானிலை அமைப்பு உச்சப் பதிவுகளுக்கென ஓர் ஆவணக் காப்பகம் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ராண்டி செர்வெனி அதை நடத்திவந்திருக்கிறார். அங்கிருந்து தொடங்குங்கள். உச்ச வெப்பம் 56.7 டிகிரி, கலிஃபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கு, 1913. கடுங்குளிர் மைனஸ் 89.2, அண்டார்டிகாவின் வோஸ்டாக், 1983. ஓராண்டில் அதிக மழை நம் சிரபுஞ்சிக்குத்தான்: 1860 ஆகஸ்ட் முதல் 1861 ஜூலை வரை 26,461 மி.மீ. மிக எடைகூடிய ஆலங்கட்டி 1986-இல் வங்கதேசத்தின் கோபால்கஞ்சில் விழுந்தது, 1.02 கிலோ. இந்தியாவின் உச்ச வெப்பம் ராஜஸ்தானின் பலோடியில் 2016 மே 19 அன்று பதிவான 51 டிகிரி. தொடக்கத்துக்கு இவ்வளவு போதும்.

படி 3: தினசரித் தரவு எங்கே?

உலகெங்கும் உள்ள நிலையங்கள் ஒரே சர்வதேச நேரத்தில் 'சினாப்' என்ற குறியீட்டுச் செய்தியை அனுப்புகின்றன. முக்கிய வேளைகள் நமக்குக் காலை 5.30, 11.30, மாலை 5.30, இரவு 11.30. இவற்றைத் திரட்டிக் காட்டும் 'ஓகிமெட்' தளம் பார்க்கக் கரடுமுரடாக இருக்கும், ஆனால் இந்தத் துறையில் இருப்பவர்கள் அதைத்தான் புரட்டுகிறார்கள். விமான நிலையங்கள் அனுப்பும் 'மெட்டார்' செய்தி அடிக்கடி வந்தாலும் அதில் வெப்பநிலை பெரும்பாலும் முழு எண்ணாகவே இருக்கும். 46 என்று இருப்பது 45.6 ஆகவும் இருக்கலாம். மெட்டாரை வைத்து மட்டும் சாதனை என்று அறிவிக்காதீர்கள்.

படி 4: எந்த வகைச் சாதனை?

அன்றைய தேதிக்கான சாதனை மலிவானது, அந்த மாதத்துக்கானது கொஞ்சம் அரிது, அந்த நிலையத்தின் முழு வரலாற்றுக்குமானது நிஜமாகவே பெரிது. நிலையத்தின் வயதையும் பாருங்கள். தட்பவெப்பம் மாறாமல் இருந்தால், 100 ஆண்டு பழைய நிலையம் ஒன்றில் இந்த ஆண்டு புதிய உச்சம் வர நூற்றில் ஒரு வாய்ப்புதான். ஐந்து வயது நிலையத்தில் ஐந்தில் ஒன்று. புதிதாக வைத்த தானியங்கி நிலையம் சாதனை படைத்தது என்ற செய்தியை நான் பாதிக் காதோடுதான் கேட்பேன்.

இரவையும் விட்டுவிடாதீர்கள். ஓமானின் குரியாத்தில் 2018 ஜூன் 26 அன்று 24 மணி நேரத்திலும் வெப்பம் 42.6 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. உடல் ஆறுவதற்கு இடமே கொடுக்காத இரவு அது. பகல் உச்சத்தைவிட இதுதான் எனக்கு அச்சமூட்டுகிறது.

எவ்வளவு வித்தியாசத்தில் முறிந்தது என்பதும் முக்கியம். பழைய நிலையங்களில் சாதனை பெரும்பாலும் தசமப் புள்ளிகளில்தான் முறியும். கனடாவின் 45 டிகிரி 1937 முதல் அசையாமல் நின்றது. 2021 ஜூனில் லிட்டன் என்ற சிற்றூர் அடுத்தடுத்து மூன்று நாள் 46.6, 47.9, 49.6 என்று ஏறியது. மேலே வெப்பக் குவிமாடம் நகராமல் உட்கார்ந்து, கீழிறங்கும் காற்றை அழுத்திச் சூடாக்கியது. மறுநாள் தீயில் ஊரின் பெரும்பகுதி அழிந்தது.

படி 5: சந்தேகப்படுங்கள்

இந்தப் பொழுதுபோக்கின் ருசியே இங்கேதான். லிபியாவின் எல் அசீசியாவில் 1922 செப்டம்பர் 13 அன்று 58 டிகிரி என்று பள்ளிப் பாடநூல்கள் வரை அச்சானது. அமெரிக்க வானிலை வரலாற்றாசிரியர் கிறிஸ்டோபர் பர்ட் அதைக் கிளறினார். லிபிய வானிலைத் துறையின் காலித் எல் ஃபாட்லி அசல் பதிவேட்டைத் தேடி எடுத்தார். 2011-இல் லிபியாவில் புரட்சி வெடித்தபோது அவரிடமிருந்து மாதக்கணக்கில் தகவல் இல்லை. பிறகு மீண்டும் தொடர்புக்கு வந்தார்.

அந்தப் பதிவேட்டில் செப்டம்பர் 11 முதல் கையெழுத்து மாறியிருக்கிறது. புதிதாக வந்தவர் எண்களைத் தவறான கட்டத்தில் எழுதியிருக்கிறார். கருவியும் பழைய வகை. அதன் உள்ளே நகரும் குறிமுள்ளின் தவறான முனையைப் படித்தால் சுமார் 7 டிகிரி கூடிவிடும். சுற்றுப்புற நிலையங்களோடும் எண் ஒத்துப்போகவில்லை. சரியாக 90 ஆண்டு கழித்து, 2012 செப்டம்பர் 13 அன்று, அந்தச் சாதனை நீக்கப்பட்டது.

இப்போதும் இதே கேள்விகள்தான். 2024 மே 29 அன்று டெல்லியின் முங்கேஷ்பூர் தானியங்கி நிலையம் 52.9 காட்டியதும் நாடே அலறியது. அன்று அதே நகரின் சஃப்தர்ஜங் நிலையத்தில் 46.8 மட்டுமே. பிறகு சோதித்ததில் சென்சார் சுமார் 3 டிகிரி கூட்டிக் காட்டியது தெரிந்தது. ஆகவே பெரிய எண் ஒன்று கண்ணில் பட்டால் முதலில் பக்கத்து நிலையங்களைப் பாருங்கள். பிறகு மணிவாரி வரைபடத்தைப் பாருங்கள்: வெப்பம் படிப்படியாக ஏறியதா, ஒரே மணியில் குதித்துத் திரும்பியதா?

எல்லா நம்பமுடியாத எண்ணும் பொய்யாகிவிடுவதும் இல்லை. ஆஸ்திரேலியாவின் பாரோ தீவில் 1996 புயலில் மணிக்கு 408 கி.மீ. வேகக் காற்று பதிவானது. கருவியை முழுக்க ஆராய்ந்து 2010-இல்தான் அதைச் சாதனையாக ஏற்றார்கள்.

படி 6: காத்திருங்கள்

சைபீரியாவின் வெர்கோயான்ஸ்கில் 2020 ஜூன் 20 அன்று பதிவான 38 டிகிரி, ஆர்க்டிக் உச்சமாக 2021 டிசம்பரில் உறுதியானது. சிசிலியில் 2021 ஆகஸ்டில் பதிவான 48.8 டிகிரியை ஐரோப்பிய உச்சமாக அங்கீகரிக்க 2024 ஜனவரி ஆனது. கிரீன்லாந்தில் 1991-இல் பதிவான மைனஸ் 69.6 டிகிரி வட அரைக்கோளத்தின் கடுங்குளிராக உறுதியாக 2020 வரை! எனவே நோட்டில் இரண்டு பத்திகள் போடுங்கள்: "வந்தது", "உறுதியானது". மரணப் பள்ளத்தாக்கின் 56.7 டிகிரியையே பர்ட் உள்ளிட்ட சிலர் நம்புவதில்லை. அங்கே 2020, 2021 இரண்டிலும் பதிவான 54.4-ஐத்தான் நம்பகமான உச்சம் என்கிறார்கள். என் ஓட்டும் அதற்கே.

படி 7: உள்ளூரில் தேடுங்கள்

லிபியப் பதிவேடு ஓர் அலமாரியில் தப்பிப் பிழைத்திருந்ததால்தான் உண்மை வெளிவந்தது. நம் மலைகளின் தேயிலைத் தோட்ட அலுவலகங்களிலும் அணைக்கட்டு அலுவலகங்களிலும் அன்றாட மழையளவை எழுதிவைக்கும் வழக்கம் உண்டு. உங்கள் தாத்தாவோ அப்பாவோ அப்படி எழுதிய நோட்டு வீட்டுப் பரணில் கிடந்தால், பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பக்கம் பக்கமாகப் படமெடுத்து, அருகில் உள்ள வானிலை ஆய்வு மையத்திடம் காட்டுங்கள்.